கவுன்சிலர் இல்லாத வருஷங்களில் மாறிய நம் மாம்பலம்

நீளமான பதிவு இது. காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள். வகுப்பில் 45 நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள்!

தீபாவளி, கல்யாண சீசன் வந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "டீச்சர், போன தடவை வந்த வழியை அடைச்சுட்டாங்க, இப்ப எப்படி வரணும்?" என்று பழைய மாணவர்கள் கேட்பார்கள். "அத்தை, வண்டியை எங்கே விடறது?" என்று அண்ணன் பிள்ளைகள் கேட்பார்கள். மெட்ரோ வேலைக்கு ஒரு பக்கம் தகரத் தடுப்பு, பண்டிகைக்கு ஒரு பக்கம் இரும்புத் தடுப்பு, அதையெல்லாம் சுற்றிக்கொண்டு எங்கள் சின்னத் தெருவுக்குள் புகும் பைக் கூட்டம் என்று வருஷம் முழுக்க இப்படித்தான் ஓடுகிறது.

இந்த முறை ஒரு மாணவி மட்டும் வேறு கேள்வி கேட்டாள். "இதையெல்லாம் யாரு டீச்சர் முடிவு பண்றாங்க? நம்மகிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றாள். வரலாறு படித்த பெண் அல்லவா, சரியான இடத்தில் கை வைத்தாள். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஏரியில் இருந்து ஊர்

முதலில் நாம் நிற்கிற மண்ணைப் பற்றி. இன்று தியாகராய நகர் சென்னையின் நட்டநடுவில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் இது நகரத்துக்கு வெளியே இருந்த கிராமப்புறம். நுங்கம்பாக்கத்தில் இருந்து மாம்பலம் தாண்டி சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு நீளமான ஏரி இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டேங்க்' என்றே கூப்பிட்டார்கள். 1920-களில் மாம்பலம் பகுதி ஏரியை வடித்து, மனை பிரித்து, புதிய புறநகர் ஒன்றை உண்டாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறதே, அங்கே நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரி தெரியாது. பெயர் மட்டும் சாட்சி சொல்கிறது. மழைக்காலத்தில் துரைசாமி சுரங்கப்பாதையும் அரங்கநாதன் சுரங்கப்பாதையும் நிரம்பும்போது தண்ணீரும் வந்து சாட்சி சொல்லும்.

நகரத்தைத் திட்டம் போட்டு விரிவாக்குவதற்கென்றே 1920-ல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைதான் நம் தியாகராய நகர். நடுவில் ஒரு பூங்கா, அங்கிருந்து பிரியும் அகலமான சாலைகள், இரண்டு பக்கமும் தோட்டம் வைத்த வீடுகள். இதுதான் ஆரம்பத்தில் போட்ட கணக்கு. கடைத்தெருவாக்கும் எண்ணத்தோடு யாரும் இதைக் கட்டவில்லை.

தெருப் பலகைகளைப் படியுங்கள்

9-ம் வகுப்பில் நீதிக்கட்சி பாடம் எடுக்கும்போது, 'இதை மனப்பாடம் செய்ய வேண்டாம், சாயங்காலம் பனகல் பூங்காவைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வாருங்கள்' என்று சொல்வேன். நினைவிருக்கிறதா? ஊரின் பெயரே சர் பிட்டி தியாகராயச் செட்டியாருடையது. 1920-ல் முதல்மந்திரி பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றவர். சென்னை மாநகராட்சிக்கு அரசு அதிகாரியாக அல்லாமல் தலைவரான முதல் மனிதர். 1925-ல் காலமானார். பூங்காவின் பெயர் பனகல் அரசருடையது. 1921 முதல் 1926 வரை மாகாணத்தின் முதல்மந்திரி. உஸ்மான் சாலை, 1934-ல் தற்காலிக கவர்னராக இருந்த சர் முகமது உஸ்மானுக்காக. நடேசன் பூங்கா, 1912-லேயே திராவிட இயக்கத்துக்கு விதை போட்ட டாக்டர் நடேச முதலியாருக்காக. டாக்டர் நாயர் சாலை, டி.எம். நாயருக்காக. தணிகாசலம் சாலையும் அதே கட்சிக்காரருக்கு. பாண்டி பஜார் என்பது சௌந்தரபாண்டியன் அங்காடி என்ற பெயர் மக்கள் வாயில் சுருங்கி வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். மேற்கே வந்தால் ஆரிய கவுடா சாலை. நீலகிரியின் படுகர் சமூகத் தலைவர் ஆரி கவுடர்தான் வாய்மொழியில் 'ஆரிய கவுடா' ஆகிவிட்டார்.

ஆக, இந்தப் புறநகரைப் போட்டவர்கள் மன்றத்தில் உட்கார்ந்து பேசி, சண்டை போட்டு, ஓட்டெடுத்து முடிவு செய்த ஆட்கள். பெயர்ப் பலகைகளே அதைச் சொல்கின்றன. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஓட்டுரிமை எல்லோருக்கும் கிடையாது. வரி கட்டுகிறவர்கள், சொத்து உள்ளவர்கள் என்று சிறு கூட்டத்துக்குத்தான் ஓட்டு. ஏரியை நம்பிப் பயிர் வைத்தவர்களிடமும் மீன் பிடித்தவர்களிடமும் ஓட்டு கேட்டிருக்க மாட்டார்கள். அது பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. முடிவு எடுத்தவரின் பெயர் தெரிந்திருந்தது என்பது மட்டும்தான் நான் சொல்ல வருவது.

ரயிலும் காலும்

1931 மே மாதம் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குகிறவர் கிழக்கே உஸ்மான் சாலைக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் இருப்பது ரங்கநாதன் தெரு. குடியிருப்புத் தெருவாக இருந்த அந்த வழியில் தினமும் ஆயிரக்கணக்கான கால்கள் நடந்தன. கால் நடக்கிற இடத்தில் கடை வரும். முதலில் திண்ணையில், பிறகு முன்னறையில், பிறகு வீட்டையே இடித்துவிட்டு மாடி மேல் மாடியாக. பனகல் பூங்கா பக்கம் 1928-லேயே நல்லி பட்டுக்கடை வந்துவிட்டது. இன்றைக்கும் ரங்கநாதன் தெருவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கி நடக்கிறவர்கள்தான். நெரிசலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் காரை மட்டுமே கணக்கில் எடுக்கிறோம். இந்தக் கடைத்தெருவை உண்டாக்கியது நடந்து வந்தவர்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

நான் 1978-ல் கல்யாணமாகி மேற்கு மாம்பலத்துக்கு வந்தேன். அப்போது எங்கள் தெருவில் இரண்டே கார்கள். சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் தெருவில் கோடு போட்டுக் கிளித்தட்டு விளையாடுவார்கள். என் மாமியார் பனகல் பூங்கா வரை நடந்தே போய்க் காய் வாங்கி வருவார். கொசுத் தொல்லை மட்டும் சொல்லி மாளாது. பழைய ஏரி, வாய்க்கால்களின் மிச்சம். யானைக்கால் நோய்க்கு அந்த நாளில் மாம்பலம் பேர் போனது. பெண் கொடுக்கவே யோசிப்பார்கள் என்று என் அப்பாவிடம் யாரோ சொன்னார்களாம். அப்பா சிரித்துவிட்டு, ஒரு கொசுவலையையும் சீரோடு சேர்த்து அனுப்பினார்.

அந்தத் தெருவுக்கு அப்போது ஒரு கவுன்சிலர் கிடையாது. எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. ஊரே அப்படித்தான் இருந்தது.

23 வருஷ வெற்றிடம்

இந்தப் பதிவின் முக்கியமான இடம் இதுதான். கவனமாகப் படியுங்கள்.

சென்னை மாநகராட்சி ஒரு காலத்தில் அரசியலின் பள்ளிக்கூடமாக இருந்தது. 1959-ல் தி.மு.க. மாநகராட்சியைப் பிடித்ததுதான் அந்தக் கட்சிக்குத் தலைநகரில் கிடைத்த முதல் பெரிய வெற்றி. அதற்கு 8 வருஷம் கழித்துத்தான் கோட்டையைப் பிடித்தார்கள். அந்த 1967 தேர்தலில் நம் தியாகராய நகர் சட்டமன்றத்துக்கு அனுப்பியது ம.பொ.சி. அவர்களை. அவரும் ஒரு காலத்தில் மாநகராட்சி மன்றத்தில் இருந்தவர்தான்.

1973 டிசம்பரில் மன்றம் கலைக்கப்பட்டது. 'மஸ்டர் ரோல் ஊழல்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கூலியாட்களின் வருகைப் பதிவேட்டில் இல்லாத ஆட்களுக்குக் கூலி எழுதிய விவகாரம். குற்றச்சாட்டு சின்னதல்ல, விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் கலைத்த மன்றத்துக்குத் திரும்பத் தேர்தல் நடந்தது எப்போது தெரியுமா? 1996 அக்டோபரில். கிட்டத்தட்ட 23 வருஷம். இடையில் ஆட்சிகள் மாறின, முதல்வர்கள் மாறினார்கள். ரிப்பன் மாளிகையில் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். நல்லவர்களும் திறமைசாலிகளும் அவர்களில் உண்டு. ஆனால் நம் வாசலில் வந்து ஓட்டு கேட்க வேண்டிய கட்டாயம் அவர்களில் யாருக்கும் இல்லை.

அந்த 23 வருஷத்தில் நம் பகுதிக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். தோட்ட வீடுகள் இடிந்து அடுக்குமாடியானது அப்போதுதான். ரங்கநாதன் தெருவும் உஸ்மான் சாலையும் வீட்டுத் தெருவில் இருந்து தமிழ்நாடே வந்து துணி எடுக்கிற தெருவாக மாறியது அப்போதுதான். அதே காலத்தில் தெருவின் பொறுப்புகளும் துண்டு துண்டாகப் பிரிந்தன. பஸ், 1972 முதல் பல்லவன் போக்குவரத்துக் கழகத்திடம் இருந்தது. கட்டட அனுமதியும் பெருநகரத் திட்டமும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் போயின. தண்ணீரும் சாக்கடையும் 1978 சட்டத்தின்படி குடிநீர் வாரியத்திடம் போயின. எந்த வண்டி எந்தப் பக்கம் போகலாம் என்பது போலீஸின் கையில். தார் போடுவது மட்டும் மாநகராட்சி. ஒரே தெருவுக்கு 5 எஜமானர்கள். அந்த 5 பேரையும் ஒன்றாக உட்கார வைத்து, 'என் வார்டில் என்ன நடக்கிறது?' என்று கேட்க ஓர் ஆள் இல்லை.

இடையில், 1970-களின் கடைசியில், தெருப் பெயர்களில் இருந்து சாதிப் பெயரை எடுக்க அரசு முடிவு செய்தது. ஜி.என். செட்டி சாலை பலகையில் ஜி.என். சாலை ஆனது. நல்ல நோக்கம், எனக்கு உடன்பாடுதான். ஆனால் அதையும் மேலிருந்து ஓர் உத்தரவாகத்தான் தெரிந்துகொண்டோம். 'ஏன் மாற்றுகிறோம்' என்று பேச ஒரு வார்டு மன்றம் இருந்திருந்தால், மக்கள் இன்றுவரை பழைய பெயரையே சொல்லிக்கொண்டு இருப்பார்களா என்று யோசிக்கிறேன்.

ஒரு பலகையின் கதை

1987 என்று நினைவு. ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் தெரு முனையில் 'நுழையாதே' பலகை ஒன்று நின்றது. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் மூன்று தெரு சுற்ற வேண்டியதாயிற்று. அவர் நெஞ்சு வலிக்காரர். சுற்றுக்குக் கூலி கூட்டிக் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. அடுத்த வீட்டுப் பாட்டிக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் டாக்டர், ஸ்கூட்டரைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

நாங்கள் பெண்கள் நான்கைந்து பேர் சேர்ந்து மனு எழுதினோம். இரண்டு தாள் நிறையக் கையெழுத்து. ஓர் அலுவலகத்தில், "பலகை எங்களுடையது இல்லை, அந்த அலுவலகத்தில் கேளுங்கள்" என்றார்கள். அந்த அலுவலகத்தில், "கம்பம் நட்டது அவர்கள், எங்களைக் கேட்டால்?" என்றார்கள். மூன்றாவது இடத்தில் மனுவை வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்த முத்திரையைப் பார்த்து நாங்கள் பட்ட சந்தோஷம் இருக்கிறதே! எட்டு மாதம் கழித்து ஒரு நாள் பலகை காணாமல் போயிற்று. மனுவினாலா, லாரி இடித்தா, யாருக்கும் தெரியாது. வைத்தது யார் என்றும் தெரியவில்லை, எடுத்தது யார் என்றும் தெரியவில்லை. இதைவிட நன்றாக அந்த 23 வருஷத்தை என்னால் விளக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்த நாளில் எனக்குச் சட்டம் தெரியாது. பிறகு வக்கீலாகிவிட்ட ஒரு மாணவன்தான் எடுத்துக் காட்டினான். இப்போது நடப்பில் இருப்பது 1988 மோட்டார் வாகனச் சட்டம். அதில் 115-வது பிரிவு. பொதுமக்களின் பாதுகாப்பு, வசதி அல்லது சாலையின் தன்மையைக் காரணமாக வைத்து, ஒரு பகுதியிலோ சாலையிலோ வாகனங்களைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் உரிமை உண்டு. அரசிதழில் அறிவிக்க வேண்டும். ஆனால் ஒரு மாதத்துக்கு மேற்படாத தடை என்றால் அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை, உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும்.

'சோதனை அடிப்படையில் போக்குவரத்து மாற்றம்' என்று பேப்பரில் படிக்கிறோமே, அதை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். தீபாவளிக்கு ரங்கநாதன் தெருவைச் சுற்றிக் கண்காணிப்புக் கோபுரம் வைப்பதும், வண்டிகளை வெளியே நிறுத்தச் சொல்வதும் அவசியமான வேலை. அந்தக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். போலீஸ்காரர்கள் பண்டிகை நாளில் தம் வீட்டுப் பலகாரத்தை விட்டுவிட்டு மழையில் நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. என் கேள்வி வேறு. ஒரு வாரத்துக்கு வைக்கும் தடுப்புக்கு உத்தரவு போதும். ஒரு தெருவின் வாழ்க்கையையே மாற்றும் தடுப்புக்கு உத்தரவு மட்டும் போதுமா?

திரும்பவும் ஒரு வெற்றிடம்

1992-ல் அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் வந்தது. மாநகராட்சிக்கு 5 வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயம், 3 லட்சம் பேருக்கு மேல் உள்ள ஊரில் வார்டு குழு வேண்டும் என்றெல்லாம் எழுதினார்கள். அதன் பிறகுதான் 1996 தேர்தல். மு.க. ஸ்டாலின் அவர்கள் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயரானார். எங்கள் தெருவில் ஒரு மனிதர் வந்து, "நான்தான் உங்க கவுன்சிலர்" என்று கும்பிட்டபோது என் மாமியார், "அப்படின்னா என்னப்பா வேலை?" என்று கேட்டார். 23 வருஷத்தில் அந்தச் சொல்லே பழக்கம் விட்டுப் போயிருந்தது.

கவுன்சிலர் வந்தவுடன் பாலாறும் தேனாறும் ஓடவில்லை. சிலர் உழைத்தார்கள், சிலர் தேர்தலுக்குப் பிறகு முகம் காட்டவில்லை. அனுமதிக்கு மேல் கட்டிய கட்டடங்கள் அதற்குள் எழும்பிவிட்டன. 2011 அக்டோபர் கடைசியில், கோர்ட்டு வழக்குகளின் தொடர்ச்சியாக, ரங்கநாதன் தெருப் பகுதியில் பல கடைகளுக்கு சீல் வைத்தார்கள். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்ற உத்தரவோடு திறந்தார்கள். அந்த இரண்டு மாதமும் கஷ்டப்பட்டது கடை முதலாளிகள் மட்டுமல்ல, தென் மாவட்டங்களில் இருந்து வந்து அங்கே நின்றபடியே வேலை பார்க்கும் பிள்ளைகளும்தான். 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படம் அவர்களின் வாழ்க்கையைக் காட்டியது. 2013-ல் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளைத் தனி வளாகத்துக்கு மாற்றினார்கள். நடைபாதை நடப்பவருக்குக் கிடைத்தது. மாடி ஏறி வந்து ரப்பர் பேண்டும் ரிப்பனும் வாங்க யார் வருவார் என்று வியாபாரிகள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அடுத்த வருஷமே, 2014-ல், தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது அது. பாருங்கள், தள்ளுவண்டிக்காரரையும் கேட்டுத்தான் முடிவு எடுக்க வேண்டும் என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டுவிட்டது.

2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல், இடஒதுக்கீடு பற்றிய வழக்கில் நின்றது. பிறகு வார்டு மறுவரையறை, பிறகு கொரோனா. 2022 பிப்ரவரி 19 வரை சென்னைக்குத் தேர்தல் இல்லை. ஐந்து வருஷத்துக்கும் மேலே மறுபடி தனி அலுவலர் நிர்வாகம்.

அந்த ஐந்து வருஷத்தில் என்ன நடந்தது? சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் நம் பகுதியைத் தேர்ந்தெடுத்து, பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் கட்டினார்கள். 2019 நவம்பரில் திறந்தார்கள். சுமார் 40 கோடி ரூபாய் வேலை. தியாகராய நகருக்கு அதன் நூறு வருஷத்தில் நடந்த பெரிய மாற்றங்களில் இதுவும் ஒன்று. கவுன்சிலர் ஒருவர்கூட இல்லாத காலத்தில் இதுவும் நடந்தது.

எனக்கு அந்த நடைபாதை பிடிக்கும். மனதாரச் சொல்கிறேன். முட்டி வலியோடு என் வயதுக்காரர்கள் பயமில்லாமல் நடக்க, நடுவில் உட்கார, சென்னையில் எத்தனை கடைத்தெரு இருக்கிறது? கைக்குழந்தையோடு வரும் பெண்கள் நிம்மதியாக நிற்கிறார்கள். காருக்கு இடத்தைக் குறைத்துக் காலுக்குக் கொடுத்தது சரியான முடிவு. ஆனால் அங்கே நிற்க இடமில்லாத வண்டிகள் எங்கே போயின என்று பக்கத்துக் குறுக்குத் தெருக்காரர்களைக் கேளுங்கள். வீட்டு கேட்டுக்கு முன்னால் பைக் வரிசை. ஆம்புலன்ஸ் வந்தால் நான்கு வீட்டுக்காரர்கள் இறங்கி வந்து வண்டிகளைத் தூக்கி நகர்த்த வேண்டும். பெரிய சாலைக்குத் திட்டம் போட்ட வரைபடத்தில் சின்னத் தெருக்களின் கஷ்டம் கோடாகக்கூட வரவில்லை. அந்தத் தெருக்காரர்களுக்காக மன்றத்தில் எழுந்து, "என் வார்டில் இத்தனை வண்டி வந்து விழுமே, அதற்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்க அன்று ஒருவரும் இல்லை.

2021 நவம்பர் மழையில் நம் சாலைகள் மூழ்கியதும் நினைவிருக்கும். ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு குழு அமைத்தது. ஏரியின் மேல் ஊர், வாய்க்காலின் மேல் குப்பை. இதைச் சொல்ல நிபுணர் குழு வேண்டும், உண்மைதான். ஆனால் எந்த வீட்டில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த அடைப்பை எடுத்தால் வடியும் என்பது அந்தந்தத் தெருவில் வீடு கூட்டும் அம்மாவுக்கும் தெரியும். அந்த அறிவு அரசாங்கத்துக்குப் போய்ச் சேர வழி வேண்டும். வார்டு என்பது அந்த வழிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1973 டிசம்பர் முதல் 2022 தொடக்கம் வரை சுமார் 48 வருஷம். அதில் சுமார் 28 வருஷம் சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. நம் ஊர் தலைகீழாக மாறிய இரண்டு கட்டங்களின் பெரும்பகுதியும் அந்த 28-க்குள்தான் விழுகிறது. மன்றம் இருந்திருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. வரலாற்று ஆசிரியை அப்படிச் சொல்லக் கூடாது. 1973-ல் மன்றத்தின் மேல் வந்த குற்றச்சாட்டு என்ன என்பதையும் மேலே சொன்னேன். நான் சொல்வது இவ்வளவுதான். மன்றம் தவறு செய்தால் அந்த ஆளை அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். தனி அலுவலரின் உத்தரவை எதில் தோற்கடிப்பது?

நீண்ட காலம் கேட்கப்படாமல் இருந்தால் இன்னொரு கெடுதலும் நடக்கிறது. நாமே கேட்பதை மறந்துவிடுகிறோம். தடுப்பு வைத்தால் முணுமுணுத்துக்கொண்டு சுற்றிப் போகிறோம், அல்லது போலீஸ் திரும்பினதும் தடுப்பை நகர்த்திவிட்டு எதிர்த்திசையில் புகுந்து வருகிறோம். இரண்டும் ஒரே வியாதியின் இரண்டு அறிகுறி. விதி நம்மைக் கேட்டுப் போட்டது என்ற எண்ணம் இருந்தால் அதை மதிக்கத் தோன்றும். மேலே இருந்து விழுந்தது என்றால் ஏமாற்றத்தான் தோன்றும்.

இப்போது என்ன செய்யலாம்?

நிலைமை இன்று அப்படியே இல்லை. 2022-ல் 200 வார்டுக்கும் கவுன்சிலர்கள் வந்தார்கள். 50 சதவீத வார்டு பெண்களுக்கு. 28 வயதுப் பெண், ஆர். பிரியா, மேயரானார். தலித் பெண் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. தியாகராயர் காலத்து வாக்காளர் பட்டியலை நினைத்துப் பார்க்கிறவளுக்கு இது சின்ன விஷயமில்லை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாள் அன்று, பகுதி சபா கூட்டங்களும் தொடங்கின. கிராம சபை போல நகரத்துக்கும் ஒன்று. 2023 மே மாதம் மாம்பலம் ஸ்டேஷனில் இருந்து பஸ் நிலையம் வரை 570 மீட்டர் ஆகாய நடைபாதை திறந்தார்கள். உஸ்மான் சாலைப் பாலத்தை சி.ஐ.டி. நகர் வரை நீட்டி முடித்துவிட்டார்கள். பனகல் பூங்காவில் சுரங்க மெட்ரோ வேலை நடக்கிறது. மாற்றம் நிற்கப் போவதில்லை. தடுப்புகளும் நிற்கப் போவதில்லை.

அதனால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தருகிறேன். ஓய்வு பெற்றாலும் பழக்கம் போகவில்லை!

ஒன்று, உங்கள் வார்டு எண்ணும் கவுன்சிலர் பெயரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எம்.எல்.ஏ. பெயர் எல்லோருக்கும் தெரிகிறது, கவுன்சிலர் பெயர் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை.

இரண்டு, பகுதி சபா கூட்டத்துக்கு ஒரு முறையாவது போங்கள். போகும்போது வெறும் கோபத்தோடு போகாதீர்கள். ஒரு வாரம் உங்கள் தெருவைப் பார்த்து எழுதுங்கள். எந்த நேரத்தில் எத்தனை வண்டி, ஆம்புலன்ஸ் வர எவ்வளவு இடம், எந்த முனையில் பிள்ளைகள் சாலை கடக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அதைத் தள்ளுவது கஷ்டம்.

மூன்று, தெருவை அடைக்கச் சொல்லிக் கேட்கும் முன், அடைத்தால் அந்த வண்டிகள் யார் வாசலுக்குப் போகும் என்று யோசியுங்கள். நம் தெருவுக்கு நிம்மதி, அடுத்த தெருவுக்கு நரகம் என்றால் அது தீர்வில்லை. தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரையும், கீரைக்காரம்மாவையும், ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகளையும் சேர்த்துக்கொண்டு பேசுங்கள். தெரு அவர்களுடையதும்தான்.

கடைசியாக ஒரு தேதி. இப்போதைய மன்றம் பதவி ஏற்றது 2022 மார்ச். அரசியல் சட்டப்படி அதன் ஆயுள் 5 வருஷம். அதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும். எந்தக் கட்சிக்கு ஓட்டு போடுவீர்கள் என்பது உங்கள் விருப்பம், அதில் டீச்சர் தலையிட மாட்டேன். ஆனால் தேர்தல் உரிய நேரத்தில் நடக்கிறதா என்று எல்லாக் கட்சிக்காரர்களும், எந்தக் கட்சியிலும் இல்லாதவர்களும் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். தள்ளிப்போகிறது என்று பேப்பரில் சின்னச் செய்தி வந்தால் சும்மா பக்கத்தைத் திருப்பாதீர்கள். 1973-ல் திருப்பிய பக்கம் திரும்ப வர 23 வருஷம் ஆயிற்று.

பழைய மாம்பலத்துப் படங்கள், உங்கள் தாத்தா பாட்டி சொன்ன ஏரிக் கதைகள் இருந்தால் கீழே எழுதுங்கள். நானும் தெரிந்துகொள்கிறேன்.

எல்லோரும் நன்றாக இருங்கள். சாலையைப் பார்த்துக் கடங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்
மேற்கு மாம்பலம்